சம்பளம் தரும் கட்சிக்காரர்: நிறுவன வழக்கறிஞரின் தொழில்நெறிச் சிக்கல்கள்

கேள்வி இதுதான்: வெளியே வக்கீல் அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேரப் போகிறேன், அங்கே எந்த மாதிரியான தொழில்நெறிச் சிக்கல்கள் வரும், நடைமுறையில் அவற்றை எப்படிக் கையாள்வது?

"பொய்க் கணக்குக்கு ஒப்புதல் கொடு" என்று யாரும் உங்கள் மேசை முன் வந்து நிற்கப் போவதில்லை. அப்படி வந்தால் பதில் சொல்வது எளிது. உண்மையான சிக்கல் பாதித் தகவலோடு வரும். "நாளைக்குக் காலையில அனுப்பணும், நீங்க ஓகே சொன்னா போதும்" என்று மாலையில் ஒரு மின்னஞ்சல் வரும். அதற்கு முந்தைய பத்து மின்னஞ்சல்களை உங்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

வெளி வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் பலர். ஒருவர் போக்கு சரிப்படவில்லை என்றால் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கலாம். நிறுவன வக்கீலுக்கு ஒரே கட்சிக்காரர், அவரே சம்பளமும் தருகிறார். விலகினால் பிழைப்பே போகும். நெறி விதிகள் இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கடைப்பிடிக்க ஆகும் விலைதான் வேறு. அந்த விலையைக் குறைக்கும் ஏற்பாடுகளைச் சச்சரவு இல்லாத நாட்களிலேயே செய்து வைக்க வேண்டும் என்பதுதான் என் பதிலின் சாரம். நெருக்கடி வரும் நாளில் துணிச்சலை மட்டும் நம்பி நிற்பவர்கள் பெரும்பாலும் தோற்றுப் போகிறார்கள்.

கட்சிக்காரர் யார்

உங்கள் கட்சிக்காரர் நிறுவனம். நிர்வாக இயக்குநர் அல்ல, நிறுவனர் அல்ல, உங்களை வேலைக்கு எடுத்த நிதித் தலைவரும் அல்ல. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நெறி விதிகளில் 1.13 இதை நேரடியாகச் சொல்கிறது. மற்ற நாடுகளிலும் கொள்கை ஏறத்தாழ இதுவே. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் நிறுவனத்துக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் பேசும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அக்கறை உண்டு, அவர்களோடுதான் நீங்கள் தினமும் சாப்பிடுகிறீர்கள்.

இந்தக் கோடு எங்கே மங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாக இயக்குநரின் சொந்த வேலை ஒப்பந்தத்தைப் "பார்த்துக் கொடுக்க"ச் சொல்லும்போது மங்கும். இயக்குநர் ஒருவர் தன் பங்குகளை எப்போது விற்கலாம் என்று வழியில் நிறுத்திக் கேட்கும்போது மங்கும். நிறுவனர் தன் குடும்பச் சொத்து விவகாரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் அப்படித்தான். மூன்றுக்கும் பதில் ஒன்றே: "இதுல நான் கம்பெனிக்குத்தான் வக்கீல் சார், உங்களுக்குத் தனியா ஒரு வக்கீல் வெச்சுக்கங்க." முதல் தடவையே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று தடவை உதவிவிட்டு நான்காவது தடவை மறுத்தால்தான் பகையாகும்.

இன்னும் நுட்பமானது, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று தொடங்கும் பேச்சு. அந்த வாக்கியம் முடிவதற்குள் குறுக்கிட வேண்டும். கேட்டு முடித்துவிட்டு "இதை நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்" என்றால் அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார், அதில் நியாயமும் உண்டு. "நிறுவனத்தைப் பாதிக்கிற விஷயம்னா என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்பது போதும்.

பல துணை நிறுவனங்கள் உள்ள குழுமத்தில் வேலை என்றால் இன்னொரு சுழல் உண்டு. தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் செய்துகொள்ளும் கடன் ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே சட்டப் பிரிவு எழுதும். துணை நிறுவனம் முழுவதும் தாய் நிறுவனத்துக்கே சொந்தம், கடனும் ஒழுங்காக அடைகிறது என்றால் பெரிய கேடு இல்லை. வெளிப் பங்குதாரர்கள் உள்ளே வந்துவிட்டாலோ, துணை நிறுவனம் திவாலை நெருங்கினாலோ நிலைமை மாறிவிடும். பிறகு கடன் கொடுத்தவர்களும் கலைப்பு அலுவலரும் "துணை நிறுவனத்துக்காக யார் யோசித்தார்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்துக்கு முன்பே துணை நிறுவனத்துக்குத் தனி வெளி வக்கீல் வேண்டும். செலவு என்று தள்ளிப் போடாதீர்கள்.

உள் விசாரணையில் ஊழியரோடு பேசும்போது

நிறுவன வக்கீல்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான் என்பேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-இல் அப்ஜான் வழக்கில் ஒன்றைத் தெளிவாக்கியது: நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசனை தருவதற்காக அதன் வக்கீல் கீழ்மட்ட ஊழியரிடம் பேசினாலும் அந்தப் பேச்சுக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு, அதாவது அதை வெளியிடச் சொல்லி எதிர்த்தரப்போ அரசோ கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்துடையது. நாளை நிறுவனம் விரும்பினால் அதை விட்டுக்கொடுத்து, ஊழியர் சொன்னதை அரசிடமே ஒப்படைக்கலாம். இதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லும் வழக்கத்துக்கு அப்ஜான் எச்சரிக்கை என்றே பெயர் வந்துவிட்டது.

சொல்ல வேண்டியவை இவை: நான் நிறுவனத்தின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல; நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசனை தரவே இந்த விவரங்களைக் கேட்கிறேன்; இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு, அது நிறுவனத்துக்குச் சொந்தம்; உங்களைக் கேட்காமலே நிறுவனம் இதை வெளியே சொல்லலாம்; இங்கே பேசியதை நீங்கள் பிறரிடம் பேச வேண்டாம், ஆனால் நடந்த உண்மைகளை அரசு அமைப்பிடம் சொல்வதை இது தடுக்காது. ஊழியர் புரிந்துகொண்டதாகச் சொன்னதையும், சொன்ன நேரத்தையும், உடன் இருந்தவரையும் குறித்து வைக்க வேண்டும். கூட ஒருவரை வைத்துக்கொண்டு அவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

எங்கே கெடுகிறது? ஊழியர் பதறுகிறார். அவரைத் தேற்ற "கவலைப்படாதீங்க, உங்களுக்காகத்தான் நான் இருக்கேன்" என்று வாயில் வந்துவிடும். எச்சரிக்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதன் பெரிய வடிவம் நடந்தது. இந்த விஷயத்தில் பல்கலைக்கழகமும் கம்பெனியும் ஒன்றுதான். பாலியல் குற்ற விசாரணை ஒன்றில் 2011-இல் உயர் அதிகாரிகள் பெருநடுவர் குழுவின் (குற்றங்களை ஆராயும் குடிமக்கள் குழு, கிராண்ட் ஜூரி) முன் சாட்சி சொன்னபோது பல்கலைக்கழகத்தின் தலைமைச் சட்ட அதிகாரி உடன் போனார். அவர் யாருக்கு வக்கீல் என்பது அதிகாரிகளுக்குத் தெளிவாக்கப்படவில்லை. பின்னர் அதே சட்ட அதிகாரி அவர்களுக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். விளைவு: 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அதிகாரிகள் மீதான பொய்ச்சாட்சி உள்ளிட்ட சில குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்ட அதிகாரியைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அவரே முன்பு அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அனுபவம் இருந்தால் இந்தப் பிழை வராது என்று எண்ண இடமில்லை.

ரகசியம் காக்கச் சொல்லும் வாசகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கேபிஆர் என்ற அமெரிக்கப் பொறியியல் நிறுவனம் உள் விசாரணைகளில் ஊழியர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவந்தது. சட்டப் பிரிவின் முன்அனுமதி இல்லாமல் இதைப் பற்றிப் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்று அதில் இருந்தது. முறைகேட்டை அரசிடம் சொல்ல நினைப்பவரை அது தடுக்கிறது என்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2015-இல் 1,30,000 டாலர் அபராதம் விதித்தது. அந்த வாசகத்தால் எந்த ஊழியராவது உண்மையில் தடுக்கப்பட்டார் என்று ஆணையம் நிரூபிக்கவில்லை. வாசகமே போதுமானதாக இருந்தது. பழைய மாதிரிப் படிவங்களை எடுத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. சமரச ஒப்பந்தம், பணி விலகல் ஒப்பந்தம், உள் விசாரணைப் படிவம் மூன்றிலும் "அரசு அமைப்பிடம் சொல்வதற்கு இது தடையல்ல" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ரகசியப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும்

வெளி அலுவலகத்திலிருந்து வருபவர்கள் தங்கள் கடிதங்களுக்கு இருந்த பாதுகாப்பு இங்கேயும் தொடரும் என்று நம்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நிறுவன வக்கீலுக்கும் அது உண்டு என்று 1972-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் தன் சாட்சியச் சட்டத்தில் 128ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட (சந்தையில் கூட்டுச் சதியையும் ஏகபோகத்தையும் தடுக்கும் சட்டம்) விசாரணைகளில் நிலைமை நேர் எதிர். அக்சோ நோபல் வழக்கில் 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம், நிறுவனத்தின் ஊழியராக இருக்கும் வக்கீலுக்கு வெளி வக்கீலின் அளவுக்குச் சுதந்திரம் இருக்க முடியாது, ஆகவே அவரோடான கடிதப் போக்குவரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. அந்த வக்கீல் நெதர்லாந்தில் முறைப்படி பதிவு பெற்றிருந்தும் பயனில்லை.

இந்தியாவில் வழக்கறிஞர் கழகத்தின் 49-ஆவது விதிப்படி முழுநேரச் சம்பளப் பணியில் சேருபவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்த முடியாது. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று இதன் அடுத்த படியைச் சொன்னது: இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவு வழக்கறிஞருக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு நிறுவன வக்கீலுக்குக் கிடையாது. நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் அவர் பேசுவதற்கு 134-ஆவது பிரிவின் கீழ் பாதுகாப்பு உண்டு. முதலாளிக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சுக்கு இல்லை. ஒரே மின்னஞ்சல் மூன்று நாட்டு அலுவலகங்களுக்குப் போனால் அதன் பாதுகாப்பு மிகப் பலவீனமான நாட்டின் அளவுக்குத்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுவதே புத்திசாலித்தனம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: கைது, சோதனை, போட்டிச் சட்ட விசாரணை என்று போகக்கூடிய எதிலும் முதல் நாளே வெளி வக்கீலை நியமித்து ஆலோசனை அவர் பெயரில் வரச் செய்யுங்கள். சட்டக் கருத்தையும் வணிகக் கருத்தையும் ஒரே மின்னஞ்சலில் குழைக்காதீர்கள். "விலையை ஏற்றினால் சந்தை எப்படி எடுத்துக்கொள்ளும்" என்பதற்கு நீங்கள் எழுதும் பதில் வக்கீல் எழுதியதால் மட்டும் சட்ட ஆலோசனை ஆகிவிடாது. சட்டத் தலைவரே நிறுவனச் செயலராகவும் விதி இணக்க அதிகாரியாகவும் இருக்கும் இடங்களில், எந்தப் பொறுப்பில் எழுதுகிறோம் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். கருத்துரையைத் தணிக்கையாளருக்கோ விளம்பர நிறுவனத்துக்கோ வங்கிக்கோ அப்படியே திருப்பி அனுப்பினால் பாதுகாப்பு போய்விடக்கூடும் என்பதை வணிகப் பிரிவுக்குச் சொல்லி வையுங்கள். அவர்களுக்கு இது தெரியாது.

மறுபக்கம் ஒரு துர்ப்பழக்கமும் உண்டு. எல்லா மின்னஞ்சலிலும் வக்கீலை நகலில் சேர்த்து, மேலே "சட்ட ரகசியம்" என்று போட்டுவிட்டால் பத்திரம் என்ற எண்ணம். கூகுள் தன் ஊழியர்களுக்கு அப்படிப் பயிற்சி தந்தது என்று அமெரிக்க அரசின் நீதித் துறை 2022-இல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டியது. நகலில் சேர்க்கப்பட்ட வக்கீல்கள் பலமுறை பதிலே எழுதவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. 2024 தீர்ப்பில் நீதிபதி தண்டனை எதுவும் விதிக்கவில்லை என்றாலும் அந்தப் பழக்கத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். இங்கே நெறிச் சிக்கல் உங்களுடையது. காரணமில்லாமல் உங்கள் பெயரைப் போர்வையாகப் பயன்படுத்துவது தெரிந்தும் சும்மா இருந்தால் நீங்களும் அதில் பங்காளி. "இதில் என்னிடம் எந்தச் சட்டக் கேள்வியும் இல்லை, என்னை நீக்கிவிடுங்கள்" என்று ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள். உண்மையான சட்ட ஆலோசனைக்குப் பாதுகாப்பு கோரும் நாளில் அந்த ஒரு வரி கை கொடுக்கும்.

ஏணியில் மேலே ஏற்றுவது

கணக்கு மோசடியால் நடந்த என்ரான் நிறுவனத்தின் சரிவுக்குப் பின் அமெரிக்காவில் 2002-இல் வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டத்தின் 307-ஆவது பிரிவு, பட்டியலிட்ட நிறுவனங்களின் வக்கீல்கள் விஷயத்தைப் படிப்படியாக மேலிடத்துக்குச் சொல்ல ஒரு வரிசையை வகுத்தது. முக்கியமான சட்டமீறலுக்கான ஆதாரம் கண்ணில் பட்டால் தலைமைச் சட்ட அதிகாரியிடமோ, அவரோடு தலைமைச் செயல் அதிகாரியிடமும் சேர்த்தோ சொல்ல வேண்டும். நியாயமான காலத்துக்குள் தகுந்த பதில் வராவிட்டால் தணிக்கைக் குழுவுக்கு; அது இல்லாத இடத்தில் சுதந்திர இயக்குநர்களுக்கு, இயக்குநர் குழுவுக்கு. சில சூழ்நிலைகளில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் சொல்லவும் விதி இடம் தருகிறது, கட்டாயமாக்கவில்லை. இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் வரிசை எங்கும் பயன்படும்.

பலர் ஏணியில் ஏறாமல் போவதற்குக் காரணம் கோழைத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்க்கும் காரணம் வேறு: விஷயம் துண்டு துண்டாக வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பழுதான இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைப் பாருங்கள். கார் ஓடும்போதே சுவிட்ச் அணைந்து காற்றுப்பை விரியாமல் போனது. பின்னர் அமைத்த இழப்பீட்டு நிதி 124 சாவுகளுக்குப் பொறுப்பேற்றது. அந்தச் சாவு வழக்குகள் சட்டப் பிரிவுக்கு ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகச் சமரசம் ஆயின. தண்டனை இழப்பீடு (நட்டத்துக்கு மேல் தண்டனையாக விதிக்கும் தொகை) வரக்கூடும் என்று வெளி வக்கீல்கள் எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் தலைமைச் சட்ட அதிகாரிக்கு 2014 வரை விஷயம் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை, கூட்டத்தில் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒருவரும் எதுவும் செய்யாத வழக்கத்துக்கு "ஜி.எம். தலையாட்டல்" என்று உள்ளே பெயரே இருந்ததைப் பதிவு செய்தது. பதினைந்து பேர் வேலை இழந்தார்கள், அவர்களில் வக்கீல்களும் இருந்தார்கள்.

இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் தொகையைப் பற்றியது. எல்லா நிறுவனங்களிலும் சமரச அதிகாரம் தொகையை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கும்: இந்த அளவு வரை மேலாளர், அதற்கு மேல் தலைவர். தொகை சிறியது என்றால் விஷயமும் சிறியது என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. அதை உடைக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அட்டவணை போதும்: முடித்த ஒவ்வொரு வழக்கிலும் பொருள் அல்லது சேவை எது, காரணம் என்ன, யாருக்காவது உடல் காயமோ சாவோ உண்டா, இதே காரணத்தில் முன்பு எத்தனை. தொகையை வைத்து வடிகட்டாமல் தலைமைச் சட்ட அதிகாரிக்கும் தணிக்கைக் குழுவுக்கும் போக வேண்டும். ஒரே காரணம் மூன்றாம் முறை வந்தால் பொறியியல் அல்லது செயல்பாட்டுப் பிரிவின் எழுத்துப் பதில் இல்லாமல் அடுத்த சமரசத்தில் கையெழுத்து இல்லை என்று விதி வைக்கலாம்.

மேலே அனுப்பும் குறிப்பை எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். நேரில் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, ஊகம் எது என்று பிரியுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதுங்கள். யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதைக் கேளுங்கள். "ஏமாற்று", "மோசடி" போன்ற முடிவுச் சொற்களைத் தவிர்த்து நடந்ததை எழுதுங்கள். தவறாக இருந்தால் நீங்கள் பின்வாங்கவும் இடம் இருக்கும். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. வாய்மொழியாகப் பதில் வந்தால் அன்றே ஒரு மின்னஞ்சல்: "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்." வெளி வக்கீல் பார்த்து "பரவாயில்லை" என்றால், அவருக்கு எல்லா ஆவணங்களும் போயினவா என்று கேட்டுப் பாருங்கள். வடிகட்டிய உண்மைகளைக் கொடுத்து வாங்கிய சட்டக் கருத்து பிற்பாடு கேடயமாக நிற்பதில்லை.

"சட்டப்படி சரியா?" என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதும் இதில் சேரும். இயக்குநர் குழுவிலிருந்து செய்தி கசிந்ததைக் கண்டுபிடிக்க ஹியூலெட்–பேக்கர்டு அமர்த்திய துப்பறிவாளர்கள் இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் பெயரில் நடித்துத் தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். நெறிப் பிரிவின் பொறுப்பில் இருந்த வக்கீல், இது சரியான வழிதானா என்று உள் பாதுகாப்புப் பிரிவின் புலனாய்வாளரிடமே கேட்டார். விளிம்பில்தான் இருக்கிறது, ஆனாலும் தவறில்லை என்ற பொருளில் பதில் வந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று அவர் திரும்ப எழுதினார். 2006-இல் அந்த ஒற்றை வரி உலகச் செய்தியானது; தலைமைச் சட்ட அதிகாரி பதவி விலகினார். வேலையைச் செய்பவனிடமே அதன் சட்டத்தன்மையைக் கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு எடை கிடையாது.

வேலை போனால்

ஏணியின் உச்சியிலும் பதில் இல்லை என்றால் என்ன? இங்கே சட்டம் அவ்வளவு ஆறுதலாக இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், தரமில்லாத டயாலிசிஸ் கருவிகளின் விற்பனையை எதிர்த்த நிறுவன வக்கீல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1991-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் மறுத்தது. உயிராபத்தைத் தடுப்பது நெறி விதிப்படி அவருடைய கடமை, அதற்காக இழப்பீடு கேட்க முடியாது என்ற தர்க்கம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994-இல் மாறான நிலை எடுத்தது: ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே வழக்கு நடத்த முடியும் என்றால் நடத்தலாம்.

அதே கலிபோர்னியாவில் பயோ–ராட் நிறுவனத்தின் தலைமைச் சட்ட அதிகாரி சீன விற்பனையில் லஞ்சம் நடந்திருக்கலாம் என்று 2013 பிப்ரவரியில் தணிக்கைக் குழுவுக்கு எழுதினார். ஜூனில் வேலை போயிற்று. வழக்கில் நிறுவனம் அவருடைய மோசமான பணி மதிப்பீட்டைக் காட்டியது. அதில் ஏப்ரல் தேதி இருந்தது. கோப்பின் மெட்டாடேட்டா (கணினி தானாகப் பதிவு செய்யும் தேதி போன்ற விவரங்கள்) அது அவர் நீக்கப்பட்ட பிறகு, ஜூலையில் உருவானது என்று காட்டிக்கொடுத்தது. 2017-இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 மேல்முறையீட்டில் மத்தியச் சட்டத்தின் கீழான பகுதி விழுந்தது, மாநிலச் சட்டத்தின் கீழான கோரிக்கை நின்றது. அவருக்குக் கைகொடுத்தது தேதியிட்ட எழுத்துக் குறிப்பு. வாய்ப்பேச்சாக முடித்திருந்தால் வழக்கே இருந்திருக்காது.

ஆகவே இந்தக் கட்டத்தில் முதல் வேலை, உங்களுக்கென்று சொந்த வக்கீல். வெளியே யாரிடம், எவ்வளவு சொல்ல அனுமதி உண்டு என்பது ஒவ்வொரு நாட்டு விதியிலும் வேறு. எல்லை தாண்டினால் உங்கள் உரிமமே போகும். இரண்டாவது, நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்த பல வழக்குகள் இந்த ஒரு காரியத்தால் திசை மாறியிருக்கின்றன. எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை உங்கள் வக்கீலிடம் சொன்னால் அவர் முறைப்படி கேட்டுப் பெறுவார்.

சம்பளமும் பங்குகளும்

சுதந்திரத்தை மெதுவாக அரிப்பது இது. உங்கள் போனஸ் குறிப்பிட்ட ஒரு ஒப்பந்தம் முடிவதைப் பொறுத்தது என்றால் அந்த ஒப்பந்தத்தில் உங்கள் கருத்துக்கு மதிப்பு குறைவு. அப்படி ஓர் இலக்கு வைத்தால் மறுத்துவிடுங்கள். வணிகப் பிரிவுக்குள்ளேயே உட்காரும் வக்கீலுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுவது அந்தப் பிரிவின் தலைவராக இருந்தால் அதுவும் இதே ரகம். பிரிவின் கருத்தைக் கேட்கலாம், மதிப்பெண் சட்டத் தலைவர் கையில் இருக்க வேண்டும்.

பங்குகள் இருந்தால், முடிவுகள் வெளிவரும் முன் வாங்கவோ விற்கவோ கூடாத வர்த்தகத் தடைக் காலத்தை மற்ற எவரையும்விடக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஆப்பிளில் நிறுவனச் சட்டப் பிரிவுத் தலைவராக இருந்த ஒருவர், உள்தகவல் வர்த்தகம் கூடாது என்று ஊழியர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் பொறுப்பில் இருந்தவர், வெளிவராத காலாண்டு முடிவுகளைப் பார்த்துத் தாமே பங்கு வாங்கி விற்று 2022-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆவணம் அழியாமல் காப்பது

வழக்கோ விசாரணையோ வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கணத்திலிருந்து அழிப்பு நிற்க வேண்டும். சம்மன் வரும் வரை காத்திருப்பது தவறு. அறிவிப்பு அனுப்புவதோடு வேலை முடியாது. தகவல் தொழில்நுட்பப் பிரிவை அழைத்துத் தானாக அழியும் அமைப்பை நிறுத்தியதற்கு உறுதி வாங்குங்கள். விட்டுப் போகிறவை எப்போதும் ஒரே இடங்கள்தான்: அரட்டைச் செயலிகள், சொந்தக் கைபேசியின் வாட்ஸ்அப், வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினி. கடைசியது அடுத்தவருக்குக் கொடுப்பதற்காகத் துடைக்கப்பட்டிருக்கும். அரட்டைகள் ஒரு நாளில் அழியும்படி விட்டதற்காக 2023-இல் கூகுளை ஒரு நீதிபதி கண்டித்தார். பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் விவகாரத்தில், அந்த மென்பொருளின் கோளாறு பற்றிய கூட்டக் குறிப்புகளைத் துண்டாக்கும் பேச்சு எழுந்தபோது 2013-இல் வெளி வழக்கறிஞர் ஒருவர் அதற்கு எதிராக எழுத்தில் ஆலோசனை தர வேண்டியிருந்தது. "குறிப்பு எடுக்க வேண்டாம்" என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொன்னால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

தகுதி பற்றியும் சுருக்கமாக. வரி, தொழிலாளர், தரவுப் பாதுகாப்பு, அயல்நாட்டுச் சட்டம் எல்லாவற்றுக்கும் உங்களிடமே வருவார்கள். "எனக்குத் தெரியாது, வெளியே கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் நெறிதான். உரிமம் இல்லாத நாட்டின் சட்டத்துக்குக் கருத்து எழுதாதீர்கள். பொதுவான செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒப்பந்தத்தை ஒட்டிச் சுருக்கம் கேட்பது மூன்றாம் நபரிடம் ரகசியத்தைக் கொடுப்பதாகலாம். எந்தச் செயலி, எந்த நிபந்தனை என்று முதலில் எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

நீங்கள் இன்னும் சேரவில்லை, பேரம் பேசும் வலு இப்போதுதான் அதிகம். சட்டத் தலைவர் யாருக்குக் கீழ்? தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழ் என்றாலும் இயக்குநர் குழுவிடம் நேரடி வழி இருக்க வேண்டும். நிதித் தலைவருக்குக் கீழ் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். கணக்குத் தகராறுகள் அவர் மேசையிலிருந்துதான் கிளம்பும். சட்டத் தலைவரை நீக்க இயக்குநர் குழுவின் ஒப்புதல் தேவையா? நிர்வாகிகள் இல்லாமல் தணிக்கைக் குழுவோடு காலாண்டுக்கு ஒரு முறை தனிச் சந்திப்பு உண்டா? இது நிரந்தர அட்டவணையில் இருந்தால்தான் உள்ளே போகும்போது யாருக்கும் சந்தேகம் எழாது. பிரச்சினை வரும்போது மட்டும் தனிச் சந்திப்பு கேட்டால் அந்தக் கேள்வியே செய்தியாகிவிடும். வெளி வக்கீலை உங்கள் முடிவிலேயே அமர்த்த ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்களா?

கடைசியாகக் காப்பீடு. இயக்குநர்கள், அலுவலர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டில் "அலுவலர்" என்பதன் வரையறையில் சாதாரணச் சட்ட ஊழியர் பல சமயம் வருவதில்லை. வந்தாலும் வக்கீலாகத் தந்த ஆலோசனையால் எழும் கோரிக்கையை விலக்கும் பிரிவு இருக்கலாம். பாலிசியின் நகலை வாங்கி அந்த இரண்டு இடங்களைப் படியுங்கள். ஓட்டை இருந்தால், உங்கள் மீது விசாரணை வந்தால் சொந்த வக்கீல் செலவை நிறுவனம் ஏற்கும் என்ற ஈட்டுறுதியைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், வேலையை விட்ட பிறகும் அது நீடிக்கும் என்ற வரியோடு.